கேட்டில் உதறிய மடி

முத்தாயியை நான் ஒருநாளும் நம்பியதில்லை. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கும் இன்றைக்காவது நம்புகிறேனா என்றால், முக்கால்வாசி நம்புகிறேன். மீதிக் கால்வாசி என் பிறவிக்குணம். "உங்களுக்குப் பாலக் காச்சிக் குடுத்தாலும் பூனை குடிச்ச மிச்சமான்னு கேப்பீங்க" என்பாள் என் மனைவி லூர்துசெல்வி. கேட்பதில் என்ன தப்பு?

ஏற்காட்டிலிருந்து வாழவந்திக்குப் போகும் வழியில் பெருங்கரடு எஸ்டேட் என்று ஒன்று இருந்தது. காப்பிக் கொட்டை காயவைக்கும் களத்தில் எனக்கு வேலை. மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவன் என்பதால், 1979இல் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்தபோது என்னைச் செக்ரட்டரி ஆக்கினார்கள். முத்தாயிக்கு அந்த எஸ்டேட்டில் இருந்த வேலை, பெண்களின் மடியைச் சோதிப்பது.

அது என்ன வேலை என்று கீழ்நாட்டுக்காரர்கள் கேட்பார்கள். காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் சாயங்காலம் சங்கு ஊதியதும் பெண்கள் பறித்த பழத்தைக் களத்தில் கொட்டி அளந்துவிட்டு வரிசையாகக் கேட்டுக்கு வருவார்கள். கேட்டைத் தாண்டினால் ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள், எண்பத்து மூன்று. கேட்டைத் தாண்டுவதற்கு முன் ஒவ்வொருத்தியும் இடுப்பில் செருகிய மடியை அவிழ்த்து, நாலு பேர் பார்க்க உதறிக் காட்ட வேண்டும். பழம் விழுந்தால் திருடி. விழாவிட்டால் இன்றைக்குத் திருடவில்லை, அவ்வளவுதான். மறுநாள் மறுபடியும் உதற வேண்டும். மடியில் கனமில்லையென்றால் வழியில் பயமில்லை என்று பழமொழி சொல்கிறது. பெருங்கரட்டில் கனமில்லாத மடிக்கும் தினம் ஒரு பயம் இருந்தது.

முதலில் இந்தச் சோதனையை மேஸ்திரிதான் செய்துகொண்டிருந்தான். அவன் கை உதறுவதோடு நிற்கவில்லை. பெண்கள் கூச்சல் போட்டார்கள். 1971இல் எஸ்டேட் துரை, சரி, இனி ஒரு பொம்பளையே பார்க்கட்டும் என்று முத்தாயியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவள் தலைச்சோலைக்காரி. அந்த மலையிலேயே காலங்காலமாக ராகியும் சாமையும் விதைத்துக் குடியிருக்கும் ஜனம். புருஷன் மாதையன் எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தில் நிழல் அடர்ந்த கிளைகளைக் கழிக்க ஏறி, விழுந்து செத்துப்போனான். ஒரே மகள் காளியாயி. லைனில் இருந்த எங்களுக்கு அவள் வெளி ஆள். வெளி ஆளைத்தானே காவலுக்கு வைப்பார்கள்?

கேட்டில் அவள் பேசுவது இரண்டே சொல். "உதறு கண்ணு." சொல்லிவிட்டு முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொள்வாள். அது வெட்கமா, மமதையா என்று எனக்கு விளங்கியதில்லை. மமதை என்றே முடிவு செய்திருந்தேன். முகத்தைத் திருப்பினாலும் காதால் பார்ப்பாள். ஒரு பழம் விழுந்தாலும் தெரிந்துவிடும். வேலம்மாள் ஒருநாள் தன் குழந்தை சப்பட்டும் என்று இரண்டு பிடி பழுத்த பழம் கொண்டுபோனாள். காப்பிப் பழத்தின் தோல் இனிக்கும், குழந்தைகளுக்கு மிட்டாய் மாதிரி. அது விழுந்தது. எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் ஞானசுந்தரம் நோட்டில் எழுதிக்கொண்டார். வேலம்மாளுக்கு ஒரு வாரம் வேலை இல்லை. அன்றிலிருந்து முத்தாயி போகும் வழியில் வேலம்மாள் காறித் துப்பாமல் நகர்ந்ததில்லை.

என் சங்கத்துக்கு வருகிறேன். பசி முற்றினால் ஜனங்கள் தாமாக எழுவார்கள் என்று சேலத்திலிருந்து வந்த சிறுபுத்தகங்களில் போட்டிருந்தது. நான் எட்டுப் புத்தகம் படித்திருந்தேன். பெருங்கரட்டில் பசி முற்றித்தான் இருந்தது. ஜனங்கள் எழவும் செய்தார்கள், விடியற்காலை ஐந்து மணிக்கு, வேலைக்குப் போக. பன்னிரண்டு கோரிக்கை எழுதினேன். கூலி உயர்வு, மழைக்குக் கம்பளி, லைனுக்குக் கூரை, பிரசவ லீவு என்று ஒன்றையும் விடவில்லை. கூட்டத்துக்கு வந்த பெண்கள் பொறுமையாகக் கேட்டார்கள். "நொம்ப நல்லாருக்குதுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் அடுப்பு மூட்டினார்கள்.

அத்தாயி என்ற பெரியம்மா மட்டும் வாசலில் நின்று கேட்டாள். "ஏனுங்க தம்பி, இந்த மடி ஒதறச் சொல்றதப் பத்தி ஒண்ணும் எழுதலீங்களா?"

"அது சின்ன விசயமுங்க பெரீம்மா. மொதல்ல பெரிய விசயத்தப் பாப்போம்" என்றேன். படித்தவன் இல்லையா, அப்படித்தான் பேசுவேன்.

1981. தர்மபுரிப் பக்கம் தீவிரவாதிகளைத் தேடுகிறார்கள் என்று பேப்பரில் தினம் வந்துகொண்டிருந்த சமயம். எங்கள் மலையிலும் போலீஸ் ஜீப் சுற்ற ஆரம்பித்தது. புது ஆள் யார் வந்தது, வீடு வீடாக யார் போகிறது, யார் வீட்டில் புத்தகம் இருக்கிறது என்று கேள்வி. துணி விற்க வந்தவனைக்கூட மூட்டையைப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு பேர் டீக்கடையில் நின்று பேசினால் மூன்றாவது ஆள் வந்ததும் மழையைப் பற்றிப் பேசினோம்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாழவந்தியில் எங்கள் சங்கத் தலைவர் ஐயாக்கண்ணுவின் வீட்டில் கமிட்டி கூட்டம். சரியாகக் கூட்டம் நடக்கும் நேரத்தில் போலீஸ் உள்ளே நுழைந்தது. நான் மாதா கோயிலில் பூசை முடிந்து போகத் தாமதமானதால் தப்பினேன். ஐயாக்கண்ணுவையும் கமிட்டியில் இருந்த ஆரோக்கியதாசையும் கொண்டுபோனார்கள். நாலாம் நாள் இருவரும் திரும்பி வந்தார்கள். ஐயாக்கண்ணுவால் வலது முழங்காலை மடக்க முடியவில்லை. அதற்குப் பிறகும் ஒருநாளும் மடக்க முடியவில்லை.

எந்த வீடு, எந்தக் கிழமை என்று யார் சொன்னது? லைன் முழுக்க இதே பேச்சு. என்னை மட்டும் ஏன் பிடிக்கவில்லை என்று சிலர் என்னையே ஒரு மாதிரி பார்த்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மடியத் தடவிப் பாத்துச் சொல்றவளுக்கு ஊட்டத் தடவிப் பாத்துச் சொல்லத் தெரியாதா?" என்று டீக்கடையில் வைத்து நான்தான் முதலில் சொன்னேன். பேர்கூடச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் முத்தாயி "உதறு கண்ணு" என்றதும் பெண்கள் அவள் முகத்துக்கு நேராக, தூசி கண்ணில் போய் விழுகிற மாதிரி உதறினார்கள். லைன் குழாயில் அவள் தண்ணீர் குடிக்க வந்தால் குடத்தை எடுக்காமல் நின்றார்கள். முத்தாயி ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. குற்றம் உள்ளவள் அப்படித்தான் இருப்பாள் என்று நான் விளக்கம் சொன்னேன்.

இதற்கு நடுவில் நான் ஒரு சின்னச் சாதனை செய்திருந்தேன். எட்டுப் புத்தகம் சாதிக்காததை ஐயாக்கண்ணுவின் முழங்கால் சாதித்தது. ஒன்பது பெண்கள் சங்கத்தில் சேரச் சம்மதித்தார்கள். ஒன்பது பேரையும் சிவப்பு மையில் ஒரு துண்டுத் தாளில் எழுதி, கட்டைவிரல் அகலத்துக்கு மடித்து வைத்தேன். அந்தத் தாள் போலீஸ் கையில் கிடைத்தால் ஒன்பது வீட்டிலும் இழவு விழுந்த மாதிரிதான். எங்கே ஒளிப்பது? எங்கள் வீட்டு ராகிப் பானையில் புதைத்தேன். லூர்துசெல்வியிடம் சொல்லவில்லை. பெண்சாதியே ஆனாலும் வாய் என்று ஒன்று இருக்கிறதே.

டிசம்பர் முதல் ஞாயிறு. காலை எட்டு மணிக்கு முத்தாயி லைனின் முதல் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஈரத் தலை, மஞ்சள் துணி, இரண்டு கையாலும் ஏந்திய மடி.

"மடிப்பிச்ச போடுங்க தாயி."

அவள் மகள் காளியாயியைக் கிளியூரில் கட்டிக்கொடுத்திருந்தது. இரண்டு முறை ஆறாம் மாதத்தில் கலைந்துபோயிற்று. இப்போது மூன்றாவது, ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. சேர்வராயன் சாமிக்கு வேண்டிக்கொண்டு மடிப்பிச்சை எடுக்கிறாளாம். வரிசையில் ஒரு வீடு விடாமல் வாங்க வேண்டும். ஒரு வீடு இல்லை என்று சொல்லிவிட்டால் வேண்டுதல் போயிற்று. போடாத வீட்டுக்கும் அந்தப் பாவம் வந்து சேரும். பிள்ளைத்தாச்சிக்காக ஏந்தும் மடியை எங்கள் பக்கத்தில் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். இது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

என் மண்டைக்குள் மணி அடித்தது. வீட்டுக்கு வீடு உள்ளே எட்டிப் பார்க்க இதைவிட நல்ல சாக்கு போலீஸுக்குக் கிடைக்குமா? "எவன் சொல்லிக் குடுத்த தந்திரமோ" என்றேன். லைன் முழுக்க அதையேதான் நினைத்தது. கதவை ஒரு சாண் திறந்து, கையை மட்டும் நீட்டிப் போட்டார்கள். வேலம்மாள் ராகியை எட்ட நின்று வீசினாள், பாதி அவள் மார்பில் பட்டு மடியில் விழுந்தது. முத்தாயி எல்லா வாசலிலும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள்.

எங்கள் வாசலுக்கு வந்தபோது, "நாம வேதக்காரங்க, நமக்கெதுக்கு" என்று நான் முணுமுணுத்தேன்.

"புள்ளத்தாச்சிக்கு ஏதுங்க வேதம்?" என்று சொல்லிக்கொண்டே லூர்துசெல்வி பானையில் கையை விட்டாள். தாராள மனசுக்காரி, அடிவரைக்கும் விட்டு அள்ளினாள். அவள் விரலிடுக்கில் வெள்ளையாக ஒன்று தெரிந்ததை நான் பார்த்தேன். வாயைத் திறப்பதற்குள் பிடி ராகியும் ஒன்பது பெண்களின் பேரும் முத்தாயியின் மடியில் விழுந்துவிட்டன.

முத்தாயி குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மலைப்பக்கம் முகத்தைத் திருப்பினாள். மடியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் என்ன செய்ய முடியும்? மடிப்பிச்சை போட்டதைத் திரும்ப எடுக்கக் கூடாது. எடுக்கலாம் என்றாலும், ஊர் பார்க்க ஒரு பொம்பளை மடியில் கையை விடவா? மேஸ்திரி செய்த வேலையைச் சங்கச் செக்ரட்டரி செய்தான் என்றாகிவிடும். "என்னங்க, பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் லூர்துசெல்வி. சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள், தன் தலையில் அல்ல, என் தலையில்.

எண்பத்து மூன்றாவது வீடு முடிந்தது. லைனுக்குப் பின்னால் மிளகுச் சரிவு வழியாகத் தலைச்சோலைக்கு ஒற்றையடிப் பாதை இருந்தது. முத்தாயி தினம் வீட்டுக்குப் போவது அந்த வழியில்தான். அன்றைக்கு அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நேராக ரோட்டில் இறங்கி எஸ்டேட் கேட்டை நோக்கி நடந்தாள். கேட்டுக்கு உள்ளே களத்தில் போலீஸ் ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர், இரண்டு போலீஸ்காரர்கள், பக்கத்தில் துரையும் ரைட்டர் ஞானசுந்தரமும். கொடுக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். பேர் கொடுத்த அந்த ஒன்பது பேரும் அவரவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் பேர் எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரியாது. நான் பின்னாலேயே ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் லைனே வாசலில் இருந்தது. நான் ஓடுவதைப் பார்த்து என்னவோ ஏதோ என்று மற்றவர்களும் வந்தார்கள்.

"வீடு வீடா என்ன சேதி சொல்லிட்டு வர்றே?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"சேதி ஒண்ணுமில்லீங்க சாமி. வேண்டுதலுங்க."

"மடியில என்ன?"

"தானியமுங்க. கோயிலுக்குப் போறமுட்டும் மண்ணுல படக் கூடாதுங்க." இரண்டு கையாலும் விரித்துக் காட்டினாள்.

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். அடியில் என்ன இருக்கும் என்ற சந்தேகம் அவர் முகத்தில் ஓடியது. அந்த முகத்தை எனக்குத் தெரியும், தினம் கண்ணாடியில் பார்க்கிறேன். "கொட்டு" என்றார்.

முத்தாயி அசையவில்லை. ரைட்டர் ஞானசுந்தரம் முன்னால் வந்தார். பத்து வருஷமாக அந்தக் கேட்டில் கேட்டுப் பழகிய சொல் அவர் வாயில் தானாக வந்தது. "உதறு முத்தாயி."

அவள் உதறவில்லை. போலீஸ்காரன் ஒருவன் மடி முனையைப் பிடித்து இழுத்தான். ராகி, சாமை, தினை, அரிசி, எண்பத்து மூன்று வீட்டுப் பிடியும் ஈரச் செம்மண்ணில் கொட்டியது. போலீஸ்காரன் பூட்ஸ் காலால் அதைக் கிளறிப் பார்த்தான். நான் எட்டிப் பார்த்தேன். தாள் இல்லை. அவன் மறுபடி கிளறினான். அப்போதும் இல்லை. அப்படியானால் ஏற்கெனவே கைமாறிவிட்டது, இது வெறும் நாடகம் என்று நினைத்தேன்.

நான் தாளைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தபோது மற்றவர்கள் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலம்மாள், ஆமாம், காறித் துப்பும் வேலம்மாள்தான், போலீஸ்காரனின் பூட்ஸைக் கையால் தள்ளிவிட்டாள்.

"கால எடுய்யா. எங்க ஊட்டு ராகி அது."

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தாள். அத்தாயி வந்து உட்கார்ந்தாள். "இது எங்க ஊட்டுச் சாமை" என்று இன்னொருத்தி. லூர்துசெல்வி என்னைத் தாண்டிப் போய் உட்கார்ந்தாள். அரைமணியில் கேட்டு வாசல் முழுக்கப் பெண்கள், குனிந்த தலைகள். ஜீப் வெளியே போக வழி இல்லை.

"எந்திரிங்க! யார் உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்று கத்தினார் இன்ஸ்பெக்டர். அவர் கண் கூட்டத்தில் தலைவனைத் தேடியது. என் மேலும் ஒரு தரம் பட்டுத் தாண்டிப் போனது. நான் கடைசி வரிசையில் ஒரு சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பொறுக்கறதுக்குக்கூடவா சொல்லிக் குடுக்கணும்?" என்றாள் வேலம்மாள், நிமிராமல்.

மக்காச்சோளமாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் பொறுக்கி எழுந்திருப்பார்கள். ராகியும் சாமையும் செம்மண்ணில் விழுந்தால் அவ்வளவு சீக்கிரம் முடியுமா? மத்தியானம் ஆயிற்று, பொறுக்கினார்கள். சாயங்காலம் ஆயிற்று, பொறுக்கினார்கள். இன்ஸ்பெக்டரும் துரையும் களத்துச் சுவர் ஏறிக் குதித்து நடந்துபோனார்கள். துரையின் தொப்பி சுவருக்கு இந்தப் பக்கம் விழுந்தது. அதை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை சங்கு ஊதியது. பழம் பறிக்க ஒருத்தி போகவில்லை. செவ்வாயும் போகவில்லை. நல்ல பழம் பழுக்கும் காலம், செடியடியில் பழம் உதிர்ந்து அழுகிற வாசனை லைன் வரைக்கும் வந்தது. நான் என் பன்னிரண்டு கோரிக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "அதெல்லாம் அப்புறமுங்க தம்பி" என்றாள் அத்தாயி. "மொதல்ல மடி ஒதறச் சொல்லக் கூடாதுன்னு எழுதுங்க. அதுக்குக் கீழ உங்க இஷ்டம்." எழுதினேன். பதினோராம் நாள் துரை கையெழுத்துப் போட்டார். மடிச் சோதனை நின்றது. என் பன்னிரண்டில் கம்பளி ஒன்று மட்டும் கிடைத்தது.

என்னைக் கேட்டால், ஜனங்களை எழுப்புவது பசி இல்லை. பசியை அவர்கள் தங்கள் விதி என்று விழுங்கிவிடுவார்கள். நீ திருடி என்று தினம் சாயங்காலம் சொல்லாமல் சொல்கிறார்களே, அது விழுங்கினாலும் இறங்காமல் தொண்டையிலேயே நிற்கிறது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அத்தாயி சொன்னபோது காதிலும் வாங்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

ஒப்பந்தம் எழுத ஆபீசுக்குப் போன அன்று இன்னொன்றும் நடந்தது. ரைட்டர் மேசையில் திறந்து கிடந்த ஃபைலில் என் கையெழுத்தைப் பார்த்தேன். சங்கம் ஆரம்பித்த கையோடு, முறைப்படி எல்லாம் செய்ய வேண்டும் என்று, எஸ்டேட் நிர்வாகத்துக்கு நானே ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிய கடிதம். "சங்க அலுவலகம்: தலைவர் ஐயாக்கண்ணு இல்லம், வாழவந்தி. கமிட்டி கூடும் நாள்: முதல் ஞாயிறு, பகல் பதினொரு மணி." அதன் கீழ் யாரோ சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள்.

யார் சொன்னது என்று மலை முழுக்கத் தேடியவன் நான். அந்தக் கடிதத்தைப் பற்றி வெளியே மூச்சு விடவில்லை. முத்தாயி மேல் போட்ட பழியையும் எடுக்கவில்லை. கோழை என்றால் கோழைதான்.

தானியம் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். மண்ணில் விழுந்தது சாமிக்கு ஆகாது என்று பொறுக்கியதைக் கோழிக்குப் போட்டுவிட்டு, எண்பத்து மூன்று வீடும் இரண்டாம் தடவை பிடி போட்டது. இந்தத் தடவை கதவைத் திறந்து போட்டார்கள். காளியாயிக்கு மார்ச்சில் பெண் குழந்தை பிறந்தது, நல்லபடியாக. மடிச் சோதனை நின்றதால் முத்தாயிக்கு அந்த வேலை போயிற்று. வயதான காலத்தில் மற்றவர்களோடு சேர்ந்து மழையில் நனைந்துகொண்டு பழம் பறித்தாள். அந்த ஒன்பது பேரில் ஒருத்தியையும் போலீஸ் தொடவில்லை. அது ஏன் என்று மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. கையில் தாளை வைத்துக்கொண்டு எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று இரண்டு வருஷம் பயந்தேன்.

1993இல் சங்கத்துக்கு நினைவு மலர் போடுகிறோம், வேலைநிறுத்தத்தைப் பற்றிக் கட்டுரை எழுது என்றார்கள். எழுத உட்கார்ந்தால் பழைய சந்தேகம் எழுந்து வந்தது. ஒற்றையடிப் பாதை இருக்க அவள் ஏன் கேட்டு வழியாகப் போனாள்? ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் வாழவந்தி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த முத்தாயியிடம் நேராகக் கேட்டுவிட்டேன். பக்கத்தில் பேத்தி ஒரு பை நிறையக் கொய்யாப்பழத்தோடு நின்றாள்.

"ஒத்தையடிப் பாதையில போனா யாருங்க பாப்பா?" என்றாள் முத்தாயி.

"பாக்கணுமா?"

"பாக்கணுமுங்க தம்பி. ஞாயித்துக்கெழம ஊடு ஊடாப் போவேன்னு ரைட்டருகிட்டச் சொன்னதே நானுங்க."

அப்படியானால் அவள் போலீஸுக்குச் சொல்லித்தான் இருக்கிறாள், தன்னைப் பற்றி.

"பத்து வருசம் பொம்பளைங்க மடிய ஒதற வெச்சேன். எம் மக மடி ரெண்டு தரம் ஒதிர்ந்து போச்சுங்க. யாரு வயித்தெரிச்சலுன்னு எனக்குத் தெரியும். எந்தக் கேட்டுல ஒதற வெச்சனோ, அதே கேட்டுல, அத்தன பேரு கண்ணு முன்னால எம் மடியவும் இன்னொருத்தரு ஒதறணும், அப்பத்தான் புள்ள தங்கும்னு சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன். அதானுங்க வேண்டுதலு. அதுக்கப்புறம் நடந்தது நீங்க பாத்ததுதான். நீங்க அதுக்கு ஸ்ட்ரைக்குன்னு பேரு வெச்சீங்க."

பன்னிரண்டு வருஷமாக என் நெஞ்சில் கிடந்தது தானாக வாய்க்கு வந்தது. "முத்தாயக்கா, ஐயாக்கண்ணு ஊட்டு அட்ரசு என் கடுதாசியிலருந்துதான் போச்சு."

"தெரியுமுங்க. ரைட்டரு அப்பவே சொல்லிச் சிரிச்சாரு."

"அப்பவே ஏன் சொல்லல? லைனே உங்களக் காறித் துப்புச்சே!"

"சொல்லியிருந்தா லைனு ரெண்டு கச்சி ஆயிருக்கும். பாதி ஊட்டுல கதவச் சாத்தியிருப்பாங்க. எனக்கு எம்பத்தி மூணு ஊடும் வேணுமுங்களே."

பஸ் வந்து நின்றது. பேத்தி பையோடு ஏறி இடம் பிடித்தாள். முத்தாயி கம்பியைப் பிடித்துப் படியில் ஒரு காலை வைத்தாள். எனக்கு இன்னொன்று பாக்கி இருந்தது. அதைக் கேட்காமல் விட்டால் நான் பாக்கியநாதன் இல்லை.

"அக்கா, எங்க ஊட்டுப் பிடியில ஒரு காயிதம் விழுந்துச்சே, அது எங்க போச்சு?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு எங்கள் வாசலில் பார்த்த அதே பார்வை.

"மடிய ஒதறப் போறவ அத வெச்சுக்கிட்டா போவேன்? கேட்டுக்கு வர்றதுக்கு முன்னாலயே முழுங்கிட்டேனுங்க. அந்தச் செவப்பு மை, நாக்கு ரெண்டு நாளு கசந்துச்சு."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் வளைவில் திரும்பும் வரை நான் அங்கேயே நின்றேன்.